துர்காதேவி மூடாமல் விட்ட கடிகாரம்

"அந்தம்மா சொன்னா சொன்னதுதான்" என்று பிள்ளையார்பாளையத்தில் துர்காதேவியைப் பற்றிச் சொல்வார்கள். மகளிர் குழுவில் போன கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்று தகராறு வந்தால் அவளைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். அவளும் தேதி, கிழமை, யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுவரை ஒப்பிப்பாள். நாற்பத்தொரு வயதில் அந்தப் பேரை வைரத்தோடு மாதிரி காதில் போட்டுக்கொண்டு நடந்தவள், ஒரு புதன்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, ஆறு பேர் முன்னால், வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னாள்.

பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் தறி ஓடுகிற வீடுகளில்தான். பதினாறு வயதிலிருந்து ஆறு வருடம் பாவு பிணைக்கும் வேலைக்குப் போனாள். ஒரு பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூல், நெய்து முடிந்ததும் அதைத் தறியிலிருந்து மொத்தமாக உருவிவிட மாட்டார்கள். ஒரு முழம் வால் விட்டு வைத்து, புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் அந்த வாலின் இழையோடு சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்ப்பார்கள். ஆயிரக்கணக்கான இழை. தறியை வெறுமையாக விடக்கூடாது என்பது ஒரு காரணம். பழைய இழை புது இழையை இழுத்துக்கொண்டு இழைகளைப் பிரித்துப் பிடிக்கிற அச்சுக்குள் தானாகவே போய்விடும், ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டாம் என்பது அதைவிடப் பெரிய காரணம். துர்காதேவியின் விரல் அந்த வேலையில் அவ்வளவு வேகம். அந்த வேலையைச் செய்துகொண்டே தபாலில் பட்டம் வாங்கினாள். சிவராஜைக் கட்டிக்கொண்டு, இரண்டு பெண்களைப் பெற்று, சின்னவளைப் பள்ளியில் விட்ட பிறகு கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனாள். வகுப்பில் இவள்தான் வயதில் மூத்தவள், மார்க்கிலும் மூத்தவள்.

டேனியல் நடத்துகிற கம்பெனியில் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. ராஜவீதியில் பாத்திரக் கடைக்கு மேலே மாடி. நெல் லாரியை எடைமேடையில் ஏற்றினால் எடையைப் பதிந்து சீட்டு அச்சடித்துக் கொடுக்கிற மென்பொருளை அங்கே எழுதுகிறார்கள். செங்கல்பட்டு, திருவண்ணாமலை வரை அரிசி ஆலைகளில் அதுதான் ஓடுகிறது. டேனியலையும் சேர்த்து ஏழு பேர். அவருக்கு அடுத்தபடி துர்காதேவிதான் எல்லாருக்கும் மேல்.

யார் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் செலவழித்தார்கள் என்று குறிக்கும் முறையைக் கொண்டுவந்ததே அவள்தான். நிரல் எழுதுகிற அதே எடிட்டரிலேயே வேலைப் பட்டியலும் இருக்கும். ஒரு வேலையைத் தொடங்கும்போது அதன் கடிகாரத்தைத் திறக்க வேண்டும், எழுந்து போகும்போது மூட வேண்டும். ஆளுக்கு மாதம் ஒரு ஃபைல். எல்லா ஃபைலும் பொதுவான ஓர் இடத்தில் இருக்கும். யார் எடிட்டரைத் திறந்தாலும் அது அத்தனை ஃபைலையும் ஒரு புரட்டு புரட்டிவிட்டுத்தான் வேலைக்கு விடும். மாத முதல் நாள் எல்லாருக்கும் புது ஃபைல் போட்டுக் கொடுப்பதும் துர்காதேவிதான். காலியான ஃபைலை யாருக்கும் அவள் கொடுத்ததில்லை. போன மாத ஃபைலின் கடைசிப் பகுதியை வெட்டிப் புதியதின் தலையில் ஒட்டுவாள், வேண்டிய அமைப்பெல்லாம் அதோடு சேர்ந்து வந்துவிடும். பாவு பிணைத்த கை வேறு எப்படிச் செய்யும்?

ஜூன் முதல் தேதி ஜெயப்ரியா வேலைக்குச் சேர்ந்தாள். தென்னேரிப் பெண், இருபத்திரண்டு வயது. அவள் வீட்டில் எல்லாரும் பயிர் வைக்கிறவர்கள், கம்ப்யூட்டர் பக்கம் வந்தவள் இவள் ஒருத்திதான். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகப் பேச்சு. புதிதாக வந்தவளுக்குப் போன மாத ஃபைல் ஏது? துர்காதேவி தன்னுடைய ஃபைலின் வாலையே வெட்டி அவளுக்கு ஒட்டிக் கொடுத்தாள். தன் கைராசி அந்தப் பெண்ணுக்கும் ஒட்டட்டும் என்று நினைத்தாள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

முதல் வாரத்திலேயே ஜெயப்ரியா வந்து நின்றாள். "அக்கா, காலைல திறந்தா ஒண்ணு கேக்குதுக்கா. ஏதோ கடிகாரம் மூடாம ஓடிக்கினு இருக்குதாம். வச்சுக்கவா, கழிச்சுடவா, கண்டுக்காம உட்டுடவான்னு கேக்குது. இன்னா குடுக்கணும்?"

துர்காதேவி போனில் ஆலைக்காரர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வி அவளுக்கும்தான் ஏப்ரலிலிருந்து தினமும் வந்துகொண்டிருந்தது. ஈயை விரட்டுகிற மாதிரி படிக்காமலே ஒரு பொத்தானைத் தட்டி அனுப்பிவிடுவாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு, "வச்சுக்கோன்னு குடும்மா. மாசக் கடைசில எல்லாத்தையும் மூடிடு" என்றாள். அந்தப் பெண் அதை அப்படியே செய்தாள். தினமும் வைத்துக்கொண்டாள், ஜூன் முப்பதாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு மூடினாள்.

மாத அறிக்கையைத் துர்காதேவி எடுத்தாள், டேனியல் அதைக் கட்டணக் கணக்காக ஆலைக்காரருக்கு அனுப்பினார், இரண்டு பேரும் பார்க்கவில்லை. ஆலைக்காரர் பார்த்தார். எடைச்சீட்டு அச்சடிக்கும் வேலைக்கு ஜெயப்ரியா ஜூன் மாதத்தில் எழுநூற்றுப் பதினான்கு மணி நேரம் செலவழித்திருந்தாள். முப்பது நாளைக்கு மொத்தமே எழுநூற்று இருபது மணிதான். "அந்தப் பொண்ணு தூங்கவே தூங்காதாப்பா? குளிக்க மட்டும் ஆறு மணி நேரம் உட்டிருக்கீங்க போல" என்று அவர் போனில் சிரித்த சிரிப்பு டேனியலின் காதைவிட்டுப் போகவில்லை.

அந்தப் புதன்கிழமைக் கூட்டத்தில் அவர் அறிக்கையை மேசைமேல் போட்டார். "யாரு பண்ண வேலை இது?"

எல்லாரும் துர்காதேவியைப் பார்த்தார்கள். அறிக்கை எடுத்தவள் அவள்தானே. ஒன்பது வருடத்தில் அந்தப் பார்வை அவள் பக்கம் திரும்பியதே இல்லை. அவளுக்கு முகம் சுட்டது. "ஜெயா கடிகாரத்தை மூடாம உட்டுட்டா சார். சொல்லிக் குடுத்தும் கவனமில்ல" என்றாள்.

ஜெயப்ரியா எழுந்து நின்றாள். "அக்கா, நீங்கதானே வச்சுக்கோன்னு குடுக்கச் சொன்னீங்க?"

துர்காதேவிக்கு ஞாபகம் வந்தது. போனைப் பொத்திய கையின் சூடுகூட ஞாபகம் வந்தது. "நான் எப்ப சொன்னேன்? நான் அப்படிச் சொல்லவே இல்லயேம்மா."

"இல்லக்கா, அதுல இருக்குற தேதியைப் பாத்தீங்கன்னா..."

"தப்பு பண்ணா ஒத்துக்கணும் ஜெயா. பதில் பேசக் கூடாது."

அவ்வளவுதான். துர்காதேவி சொன்னால் சொன்னதுதான் என்பது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஒரு கடிகாரத்தை மூடத் தெரியாதவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது, திங்கட்கிழமை முடிவு பண்ணிக்கொள்ளலாம் என்று டேனியல் சொன்னார். ஜெயப்ரியா அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள், வியாழக்கிழமை வரவில்லை.

டேனியல் துர்காதேவியிடம், "அந்தக் கேள்வியே இனிமே யாருக்கும் வராதபடி பண்ணிடுங்க மேடம்" என்றார். அவளுக்கும் அது வசதியாக இருந்தது. வேலையில் மூழ்கிவிட்டால் வேறு எதையும் நினைக்க வேண்டாம்.

கேள்வி வந்தது. இந்த முறை பொத்தானைத் தட்டாமல் படித்தாள். எடைச்சீட்டு வேலை, மார்ச் மாதக் கடைசி, பகல் பதினொன்று இருபதுக்குத் திறந்த கடிகாரம். கழித்துவிடு என்று கொடுத்தாள். எடிட்டரை மூடித் திறந்தாள். அதே வேலை, அதே தேதி, அதே பதினொன்று இருபது. மறுபடி கழித்தாள், மறுபடி வந்தது. கடைசியாக ஓடிய கடிகாரத்தை எடிட்டர் நினைவில் வைத்திருக்கிற ஃபைல் ஒன்று உண்டு, அதை அழித்தாள். எடிட்டரையே புதுப்பித்தாள். அசையவில்லை. பக்கத்து மேசைக் குமரகுரு எட்டிப் பார்த்தான். "எனக்கும் அது ரொம்ப நாளா வருதுக்கா. நான் கண்டுக்காம உட்டுடுன்னு குடுத்துக்கினு இருக்கேன்."

"அப்ப உன் அறிக்கைல ஏன்டா அது ஏறல?"

"மூடுனாத்தானேக்கா எண்ணும்? நான்தான் எதையுமே தொடலையே."

சோம்பேறி தப்பித்தான், சொன்னதைச் செய்தவள் மாட்டிக்கொண்டாள். ஆனாலும் எடிட்டர்மேல்தான் தப்பு என்று நம்பிக்கொண்டு மடிக்கணினியை வீட்டுக்குத் தூக்கிப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை, சிவராஜ் தறியில் உட்கார்ந்திருந்தான். அவள் ஆபீஸுக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து எடிட்டரைத் திட்டிக்கொண்டிருந்தாள். எத்தனை தடவை எடுத்துப்போட்டாலும் அதே இடத்தில் அதே வரி திரும்ப வருகிறது என்றாள். அவன் நாடாவைப் பாவுக்குக் குறுக்கே ஓட்டிக்கொண்டே கேட்டான்: "இன்னாத்தோட பிணைச்ச அதை?"

"பழசோடதான். எப்பவும் போல."

"பழசுல இழை அறுந்திருந்தா புதுசுலயும் அங்கதான் சந்து உழும். இது தெரியாதா உனக்கு? வாலைப் போய்ப் பாரு."

அவளுக்குத் தெரியாதா! ஆறு வருடம் அதைத்தானே பார்த்துப் பார்த்துப் பிணைத்தாள். நேற்றுக் கழித்ததையெல்லாம் தினமும் எடுத்துவைக்கிற நகலிலிருந்து மீட்டுவிட்டு, அந்தப் பதினொன்று இருபது வரி எந்தெந்த ஃபைலில் இருக்கிறது என்று தேடினாள். மார்ச், ஏப்ரல், மே, ஜூன், ஜூலை, ஐந்தும் அவளுடைய ஃபைல்கள். ஐந்திலும் அதே வரி. ஒன்றை எடுத்தால் அடுத்தது முன்னால் வந்து நிற்கிறது. பார்ப்பதற்கு ஒன்றேபோல் இருந்ததால் போனதே திரும்பி வருகிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆறாவதாக ஒன்று, ஜெயப்ரியாவின் ஜூன் ஃபைலில். அது ஒன்றுதான் ஒழுங்காக மூடப்பட்டிருந்தது. மார்ச்சிலிருந்து ஓடிய அந்தக் கடிகாரத்தில் ஜூனுக்குள் விழுந்த நேரத்தை மட்டும் அறிக்கை எண்ணியிருந்தது.

தேதியைப் பார்த்தாள். ஏகாம்பரநாதர் பங்குனி உற்சவம், அறுபத்து மூவர் உலா வந்த நாள். ராஜவீதியில் மேளச்சத்தம் கேட்டதும் பாதி வேலையில் எழுந்து, செருப்புகூடப் போடாமல் மாடிப்படி இறங்கி ஓடியவள் துர்காதேவிதான். சாமி கும்பிட்டு, தெரிந்தவர்களோடு பேசி, அப்படியே வீட்டுக்குப் போய்விட்டாள். கடிகாரத்தை மூடவில்லை. அப்போது ஜெயப்ரியா கம்பெனியிலேயே கிடையாது. அவள் சேர இன்னும் இரண்டு மாதம் இருந்தது. "அதுல இருக்குற தேதியைப் பாத்தீங்கன்னா" என்று அந்தப் பெண் எதைச் சொல்ல வந்தாள் என்று இப்போது விளங்கியது.

வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து, யாரும் சொல்லாமலே, தன்னுடைய ஐந்து ஃபைலிலும் இருந்த வரியை அழித்தாள். ஒவ்வொன்றாக, நிதானமாக. எடிட்டரைத் திறந்தாள், கேள்வி வரவில்லை. சிக்கல் தீர்ந்தது. இனி எவன் தேடினாலும் அந்த வரி ஜெயப்ரியாவின் ஃபைலில் மட்டும்தான் இருக்கும். தான் என்ன செய்துவிட்டோம் என்பது அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. ஒரு திருடி செய்கிற வேலை அது. நகலில் இருந்து ஐந்தையும் மீட்டு வைத்தாள். அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. என்ன என்று கேட்ட சிவராஜிடம் பல்வலி என்றாள். இன்னொரு பொய்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாலாஜாபாத் வரை பஸ்ஸிலும் அங்கிருந்து ஷேர் ஆட்டோவிலுமாகத் தென்னேரிக்குப் போனாள். ஏரிக்கரைக்குப் பக்கத்துத் தெருவில் வீட்டைக் கேட்டு விசாரித்துப் போனாள். ஜெயப்ரியாவின் அம்மா இந்திராணிக்குக் கையும் காலும் ஓடவில்லை. "நீங்கதான் துர்கா மேடமா? எந்நேரமும் உங்க பேச்சுதான்மா இவளுக்கு. அக்கா மாதிரி வேகமா யாராலயும் செய்ய முடியாதுன்னு சொல்லிக்கினே இருப்பா. காய்ச்சல்னு நாலு நாளு லீவு போட்டதுக்கு வீடு தேடி வந்துட்டீங்களே!" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். காப்பி வந்தது, வீட்டில் சுட்ட முறுக்கு வந்தது. ஜெயப்ரியா வீட்டில் எதையும் சொல்லவில்லை. துர்காதேவி அந்தக் காப்பியைக் குடித்து முடித்த பாடு அவளுக்குத்தான் தெரியும்.

மொட்டை மாடியில் துணி காயப்போடப் போகும் சாக்கில் இரண்டு பேரும் மேலே போனார்கள். துர்காதேவி எல்லாவற்றையும் சொன்னாள். மேளச்சத்தம், மூடாத கடிகாரம், ஒட்டிக் கொடுத்த வால், எல்லாம். "என் தப்புதான்மா. நீ மனசுல வச்சுக்காத."

ஜெயப்ரியா ஒரு புடவையை உதறிக் கொடியில் போட்டாள். "கடிகாரம் உங்களுதுன்னு அன்னைக்கே தெரியும்க்கா. அதுக்காக எனக்கு வருத்தம் இல்ல. அது யாருக்கும் ஆவறதுதான்."

"பின்ன?"

"நீங்க சொன்னதை சொல்லலன்னு சொன்னீங்களே."

துர்காதேவி வரும்போது பஸ்ஸில் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டுத்தான் பேச்சைத் தயார் செய்திருந்தாள்.

"ஆபீஸ்ல எல்லாரும் இருக்கறப்ப சொன்னீங்க. மன்னிப்பை மட்டும் எங்க வீட்டு மாடில வந்து கேக்கறீங்க" என்றாள் ஜெயப்ரியா. குரலை உயர்த்தவில்லை. கீழே அம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்கிற கவனம்தான் அதில் இருந்தது.

திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு இரண்டு பேரும் வந்தார்கள். டேனியல் வாயைத் திறப்பதற்குள் துர்காதேவி எழுந்துவிட்டாள். மூடாமல் விட்டது தன் கடிகாரம் என்று தேதியோடு சொன்னாள். டேனியல் தலையை ஆட்டினார். "அட, அவ்வளவுதானா? சாமி பாக்கப் போறப்ப மறக்கறது சகஜம்தானே மேடம். இதுக்குப் போய் இவ்வளவு..." என்று சிரித்துவிட்டு அடுத்த காகிதத்தைப் புரட்டினார். போன வாரம் வேலையையே பறிக்கப் பார்த்த குற்றம், ஆள் மாறியதும் சகஜமாகிவிட்டது. அப்படியே உட்கார்ந்துவிடலாம் என்றுதான் துர்காதேவிக்குத் தோன்றிற்று.

"அது இல்ல சார். வச்சுக்கோன்னு குடுக்கச் சொன்னது நான்தான். ஜெயா கேட்டப்ப எனக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்துதான் இல்லன்னு சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. குமரகுரு தன் டீ கிளாசுக்குள் எதையோ தேடினான். டேனியல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒன்பது வருடமாகத் தன்னைப் பார்த்த முகங்கள் வேறு மாதிரி பார்ப்பதைத் துர்காதேவி நின்றுகொண்டே பார்த்தாள். சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று யாரோ சொல்லி அவள் நம்பியிருந்தாள். இறங்கவில்லை. காது வரைக்கும் எரிந்தது. கடைசியில் டேனியல், "ஜெயப்ரியா, நீ வேலையைப் பாரும்மா. உன்னைப் பத்தி இனிமே பேச்சில்ல" என்றார்.

கூட்டம் முடிந்து எல்லாரும் அவரவர் மேசைக்குப் போனார்கள். பன்னிரண்டு மணிவாக்கில் ஜெயப்ரியா துர்காதேவியிடம் வந்தாள். முகத்தில் கோபம் இல்லை, எப்போதும் போலத்தான் இருந்தாள். சீட்டில் லாரி எண் அச்சாகும் இடத்தை மாற்ற வேண்டுமே, எப்படிச் செய்வது என்று கேட்டாள். துர்காதேவிக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, கால் மணி நேரம் பொறுமையாக விளக்கினாள். எதை முதலில் செய்ய வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று எல்லாம் சொன்னாள். ஜெயப்ரியா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

"புரிஞ்சுதாம்மா?"

"புரிஞ்சுதுக்கா" என்று எழுந்தாள் ஜெயப்ரியா. கையோடு கொண்டுவந்திருந்த நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, இரண்டையும் அவள் முன்னால் மரியாதையாக வைத்தாள்.

"இப்ப சொன்னதை இதுல எழுதிக் குடுத்துடுங்கக்கா. கீழ தேதி போட்டு ஒரு கையெழுத்தும்."

துர்காதேவி எழுதினாள்.